ஜோசப் முண்டசேரி: நாம் எதிர்த்து நின்ற ஆசிரியர்



நாங்கள் குருமடத்தில் படித்த நாட்களில் ஜோசப் முண்டசேரி என்ற பெயர் வகுப்பில் ஒரே ஒரு முறை வந்தது. கேரளத்தில் நம் பள்ளிகளைப் பறிக்கப் பார்த்த கம்யூனிஸ்ட் அரசின் கல்வி அமைச்சர் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. அவரும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்தான், கத்தோலிக்கக் கல்லூரியிலேயே பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்தான் என்பதெல்லாம் நமக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது.

1903 ஜூலை 17 அன்று திருச்சூருக்கு அருகே கண்டசாங்கடவு என்ற ஊரில் அவர் பிறந்தார். இளங்கலையில் படித்தது இயற்பியல். மனம் போனதோ இலக்கியத்தின் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் முதுகலைப் பட்டம் பெற்று, திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் ஆசிரியரானார். மொழித் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். மலையாள இலக்கியத் திறனாய்வில் எம்.பி. பால், குட்டிப்புழ கிருஷ்ணபிள்ளை ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் பெயர் அவருடையது.

அமைச்சராகும் முன்பே அவர் 'புரொபசர்' என்றொரு நாவல் எழுதியிருந்தார். தனியார் கல்லூரி ஆசிரியர் படும் பாடுதான் அதன் கதை. நிர்வாகத்தின் தயவில் வாழும் ஆசிரியரின் நிலையை அவர் உள்ளிருந்தே பார்த்தவர். பிற்பாடு அவர் கொண்டு வந்த சட்டத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் புரியும்.

1948 இல் கொச்சி சட்டமன்றத்துக்கும், 1954 இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957 இல் மணலூர் தொகுதியில் வென்றார். ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பதவியேற்ற கேரளத்தின் முதல் அமைச்சரவையில் கல்வி அவர் பொறுப்பானது. அதே ஆண்டு ஜூலையில் கல்வி மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தார்.

அன்றைய கேரளத்தில் பள்ளிகளில் பெரும் பங்கு தனியார் கையில் இருந்தது. அவற்றில் நம்முடையவை ஏராளம். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதில் ஒரு பகுதியை மட்டும் ஆசிரியரிடம் கொடுக்கும் வழக்கம் பல நிர்வாகங்களில் இருந்தது. அதை மறைப்பதில் நமக்கு என்ன பயன்? உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தர வேண்டும் என்றது மசோதா. அதோடு நின்றிருந்தால் எதிர்ப்பு இவ்வளவு பெரிதாகியிருக்குமா என்பது சந்தேகம். அரசுத் தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்துதான் ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்றது 11ஆம் பிரிவு. பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்ள 14, 15ஆம் பிரிவுகள் வழி செய்தன. ஆயர்கள் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22 அன்று நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தந்துள்ள உரிமையை உதவித் தொகையைக் காட்டிப் பறிக்க முடியாது; 14, 15ஆம் பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தா. அதே சமயம், நடத்தும் உரிமை என்பது சீர்கேடாக நடத்தும் உரிமை ஆகாது என்றும் கூறி, 11ஆம் பிரிவைத் தயக்கத்தோடு அனுமதித்தது. இன்று தமிழகத்தில் நம் பள்ளிகளுக்காக வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதாடும்போதும் இந்த 1958 கருத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். முண்டசேரி மசோதா கொண்டு வராதிருந்தால் அது பிறந்திராது என்பதை நினைத்தால் நமக்கே சிரிப்பு வருகிறது.

திருத்தப்பட்ட மசோதாவுக்கு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஜூனில் விமோசன சமரம் வெடித்தது. நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபன் முன்னே நிற்க, கத்தோலிக்கர்கள் பெரும் எண்ணிக்கையில் தெருவுக்கு வந்தனர். ஜூன் 13 அன்று அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் 7 பேர் இறந்தனர். ஜூலையில் திருவனந்தபுரத்தை அடுத்த செறியதுறையில் கர்ப்பிணியான மீனவப் பெண் ஒருவர் குண்டுக்குப் பலியானார். இந்த மரணங்களைக் கடந்து முண்டசேரியைப் பாராட்டிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் அங்கம் வகித்த அரசின் துப்பாக்கிகள்தான் அவை. ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார்.

பிறகு எழுத்துக்குத் திரும்பினார். தம் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் 'உதிர்ந்த இலைகள்' எனலாம். 1971 இல் கொச்சியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தரானார். 1977 அக்டோபர் 25 அன்று இறந்தார்.

அவர் கொண்டு வந்த 11ஆம் பிரிவை 1960 இல் வந்த அரசு மாற்றியது. நியமனம் மீண்டும் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. சம்பளம் அரசிடமிருந்தே வருவது மட்டும் நிலைத்தது. ஆசிரியர் வேலைக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற புகார் அங்கே இன்றும் எழுகிறது. இங்கேயும் நம் காதில் விழாமல் இல்லை. மகள் பி.எட். முடித்த கையோடு, சாமி, எவ்வளவு ஆகும் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம்.