மேற்கோள் தேடிய மேதை

முதலாண்டில், தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிற் சிற்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வகுப்பில் படித்தேன். சொந்த ஊரைப் பற்றியதாகையால் பெருமிதத்தோடு படித்தேன். முடித்ததும், இச்செய்திகளை எங்கிருந்து எடுத்தேன் என்று பேராசிரியர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நூல்களிலிருந்து வரிவரியாகப் பெயர்த்தெழுதியிருந்தேன். அவற்றின் பெயரை எங்கும் குறிக்கவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையைப் படித்து வருமாறு பணித்தார்.

படித்தேன். சோழநாட்டு உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஐயர் 1855இல் பிறந்தார். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்து, ஆசிரியர் 1876இல் மறையும்வரை அவரிடம் பயின்றார். 1880இல் நம்முடையதைப் போன்ற ஓர் அரசினர் கல்லூரியில், கும்பகோணத்தில், தமிழாசிரியரானார். அவ்வாண்டில்தான் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கற்றுத் தேர்ந்திருந்த ஐயரிடம், சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். அவ்வொரு வினாவே ஐயரின் வாழ்வைத் திசைதிருப்பிற்று.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலே மேற்கோள்கள் மலிந்து கிடந்தன. ஆனால் பல இடங்களில் அவை எந்நூலைச் சேர்ந்தவை என்ற குறிப்பில்லை. ஐயர் திகைத்தார். திருவாவடுதுறை ஆதீனத்து ஏடுகளைப் புரட்டியபொழுது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அகப்பட்டன. மேற்கோள்கள் பலவற்றின் பிறப்பிடம் அப்பொழுதுதான் விளங்கிற்று. சமண சமயச் செய்திகள் புரியாதபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தார். இவ்வாறு உழைத்து 1887இல் சிந்தாமணியையும், பின்னர் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றையும் பதிப்பித்தார்.

அவர் செய்த முறையே நமக்குப் பாடம். பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காட்டினார். ஏடு உதவியோரின் பெயர்களை முகவுரையில் நன்றியுடன் குறித்தார். சிதைந்த இடங்களில் தாமாகச் சொல் புனைந்து நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டார். நூற்பெயர் குறிக்கப்படாமையால் தாம் பட்ட துன்பத்தைப் பின்வருவோர் படலாகாது என்று உழைத்தவர் அவர்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1937இல், எண்பது வயதைக் கடந்த பின்னரும், குறுந்தொகையைப் பதிப்பித்தார். 1942இல் மறைந்தார்.

தோழர்களே! ஐயர் ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். நமக்கோ கைப்பேசியிலேயே நூல்கள் கிடைக்கின்றன. எனினும் நூற்பெயரும் பக்க எண்ணும் குறிக்க நம் கை சோம்புகிறது. நான் என் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். பிறர் கூற்றுகளுக்கு நூலும் பக்கமும் காட்டினேன். ஆதாரம் கிட்டாதவற்றை நீக்கினேன். எட்டுப் பக்கம் மூன்றாகச் சுருங்கிற்று. ஆனால், அம்மூன்று பக்கத்தில் எந்த வரியைச் சுட்டி எவர் கேட்பினும், இன்று என்னால் விடை சொல்ல இயலும்.