கப்பல்களை அழித்த ஓவியர்

கடலோரத் துறவி என்ற ஓவியத்தின் அச்சுப்படியை முதன்முதலில் பார்த்தபோது, பாதியில் கைவிடப்பட்ட படம் என்றே எண்ணினேன். முக்கால் பங்குக்கும் மேல் வானம்; அதன் கீழே கறுத்த கடல் ஒரு பட்டையாய்; அதற்கும் கீழே வெளிறிய மணல்மேடு. அதில் முதுகைக் காட்டி நிற்கும் சின்னஞ்சிறு உருவம். வேறு ஏதும் இல்லை.

இதை வரைந்த ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக், 1774இல் பால்டிக் கடலோரத்துக் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். அப்போது அந்நகரம் ஸ்வீடனின் ஆட்சியில் இருந்தது. ஏழு வயதில் தாயை இழந்தார். 13 வயதில், பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கிய தம்பியின் சாவைக் கண்ணெதிரே பார்த்தார். அண்ணனைக் காப்பாற்ற முயன்றபோதுதான் தம்பி மூழ்கினான் என்றும் சொல்வார்கள். கோபன்ஹேகனில் கலை பயின்று, 1798இல் டிரெஸ்டனில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

அக்காலத்து நிலக்காட்சி ஓவியத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இருபுறமும் மரங்களோ பாறைகளோ சட்டம்போல் நிற்கும். நடுவே ஒரு பாதையோ ஆறோ நம் கண்ணைத் தொலைவுக்கு அழைத்துச் செல்லும். ஃப்ரீட்ரிக்கின் படத்தில் கண்ணுக்கு வழியும் இல்லை, ஓய்விடமும் இல்லை. எல்லாம் கிடைக்கோடுகள், அந்தத் துறவி ஒருவரே நிமிர்ந்து நிற்கும் கோடு. படத்தின் தனிமை துறவியின் முகத்திலிருந்து வரவில்லை, முகம்தான் நமக்குத் தெரிவதில்லையே. இந்த அமைப்பிலிருந்தே வருகிறது.

அந்த வெறுமை தற்செயலானதும் அன்று. 1808 முதல் 1810 வரை இதில் உழைத்த அவர், முதலில் கடலில் பாய்மரக் கப்பல்களையும் வரைந்திருந்தார். பின்னர் அவற்றை நீக்கிவிட்டார். வண்ணப்பூச்சின் அடியில் அவை ஒளிந்திருப்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியது. கப்பல் இருந்திருந்தால் துறவி யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நாம் ஒரு கதை கட்டிக்கொண்டிருப்போம். அந்த ஆறுதலைத்தான் அவர் பறித்துக்கொண்டார். 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியத்தை, இளவரசரின் விருப்பத்துக்கு இணங்கி, பிரஷ்ய மன்னர் வாங்கினார்.

ஒருவர் தீட்டிய ஒவ்வொரு சாம்பல் நிறத்துக்கும் அவரது இளமைத் துயரைக் காரணம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பனிக்கடல் என்ற ஓவியத்தின் முன் அந்த உறுதி தளர்ந்துவிடுகிறது. 1824 வாக்கில் முடிந்த அதில், கூர்கூராய் எழும்பிய பனிப்பாளங்களின் குவியல். அதன் ஓரத்தில், நசுங்கிப் புதைந்த ஒரு கப்பல். இம்முறை கப்பலை அவர் அழிக்கவில்லை.

அந்த ஓவியத்தை வாங்க யாரும் முன்வரவில்லை. ரசனை மாறிவிட்டிருந்தது. 1835இல் பக்கவாதம் தாக்கியபின் எண்ணெய் வண்ணத்தில் வரைவதே அரிதாயிற்று. 1840 மே 7 அன்று வறுமையில் அவர் இறந்தபோதும் பனிக்கடல் விலைபோகாமல்தான் இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து அதை வாங்கியவர், அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த நார்வே நாட்டு ஓவிய நண்பர் டால்.