தோட்டத்துக் காய்ச்சலை விரட்டிய டாக்டர் மால்கம் வாட்சன்

கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு, முதுகில் தகரத்தைச் சுமந்து ஓடை ஓரமாக மலேரியா எண்ணெய் அடித்துக்கொண்டு போன ஆட்கள் நினைவில் இருக்கலாம். மலாயாத் தோட்டங்களில் அந்த வேலைக்கு வழிகாட்டியவர் டாக்டர் மால்கம் வாட்சன். அவர் பணியாற்றியது சிலாங்கூரில். ஆனால் அங்கே அவர் கற்றுக்கொண்ட பாடம் கெடாவின் மலையடிவாரத் தோட்டங்களுக்கும் பொருந்தும்.

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் மலாயாவுக்கு வந்தார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, மூடிவிட வேண்டிய நிலை ஏற்பட்டது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல்தான் செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. கொய்னா கொடுப்பதோடு மருத்துவர் வேலை முடிந்தது என்று வாட்சன் நினைக்கவில்லை. காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, சதுப்பை வற்றவைக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு அது 59 ஆகவும், 1903இல் 46 ஆகவும் குறைந்தது.

பிறகு அவர் கவனம் ரப்பர் தோட்டங்கள் பக்கம் திரும்பியது. லயம் லயமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி தாக்கினால் மண்ணீரல் வீங்கும். எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம் இருக்கிறது, அவர்கள் வீடு எந்த நீர்நிலைக்கு அருகில் இருக்கிறது என்று கணக்கெடுத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத சோதனை அது.

ஆனால் சமவெளியில் வென்ற முறை மலைப்பாங்கான தோட்டங்களில் தோற்றது. காட்டை வெட்டி ஓடைகளைச் சீராக்கிய பிறகும் அங்கே காய்ச்சல் குறையவில்லை. காரணம், கொசு வேறு. சமவெளியில் நோயைப் பரப்பிய வகை நிழலான சதுப்பில் முட்டையிடும். மலைப்பகுதியின் அனாபிலிஸ் மாக்குலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். காட்டை வெட்டியது அதற்கு வசதியாகிவிட்டது.

தன் முறை தவறிய இடத்தில் வாட்சன் தொழிலாளர் மீது பழி போடவில்லை, முறையைத்தான் மாற்றினார். மலை இடுக்கு ஓடைகளை மண்ணுக்கு அடியில் குழாய் வழியே ஓடவிட்டார். அதற்குச் செலவு அதிகம். ஆகவே 1914 முதல் தண்ணீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. மேலே வந்து மூச்சுவிடும் கொசுப்புழு எண்ணெய்ப் படலத்தில் திணறிச் சாகும். மலிவான வழிதான். ஆனால் வாரம் தவறாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் கொசு பறந்துவிடும். ஆகவே மருத்துவரின் அறிவு மட்டும் போதாது. தோட்டத்து டிரேசருக்கும் எண்ணெய் அடிக்கும் தொழிலாளிக்கும் அதன் காரணம் புரிந்திருக்க வேண்டும்.

1924இல் வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928இல் மலாயாவை விட்டுச் சென்ற அவர், பின்னர் லண்டனில் ரோஸ் ஆய்வுக்கழகத்தின் இயக்குநரானார். 1955இல் காலமானார்.

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா இன்னும் உண்டு. டிங்கியும் விட்டபாடில்லை. டிங்கிக் கொசு ஓடையைத் தேடிப் போவதில்லை; வீட்டுப் பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். வாட்சனின் எண்ணெய் அதற்கு உதவாமல் போகலாம். எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று முதலில் பார்க்கும் அவருடைய பழக்கம் இன்றும் உதவும்.