மல்பெரிக் கன்றைக் கப்பலில் காப்பாற்றிய தோட்டக்காரர் பெரோத்தே

தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் மல்பெரி வைத்திருப்பவர் நீங்கள் என்றால், புதுத் தோட்டம் போடும் முறையை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறேழு மாதம் முற்றிய குச்சியை வெட்டி, மூன்று நான்கு பருக்கள் இருக்கும்படி நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, முடிந்தவரை சீக்கிரம் நட்டுவிடுவீர்கள். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் அந்தக் குச்சி அடுப்புக்குத்தான். அப்படிப்பட்ட செடியை மாதக்கணக்கில் கடலில் வைத்திருந்து, உயிரோடு பிரான்சில் இறக்கிய ஒரு தோட்டக்காரர் இருந்தார். அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்தது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில்.

அவர் பெயர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. பிறந்தது 1793-ல், சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் பகுதியில் உள்ள வுய்லி என்ற ஊர்ப்பக்கம். உழைத்தது முழுக்கப் பிரான்சுக்கு. பாரிஸில் இருந்த அரசுத் தாவரத் தோட்டத்தில் தோட்ட வேலை பார்த்தார். பெரிய படிப்பாளிகள் உலர்ந்த இலையைத் தாளில் ஒட்டி ஆராய்ந்து கொண்டிருந்த இடத்தில், இவர் மண்ணைக் கிளறிச் செடியைப் பிழைக்க வைக்கத் தெரிந்தவர். 1819-ல் கடற்படைத் தளபதி ஃபிலிபேர் தலைமையில் ஒரு பயணம் கிளம்பியபோது, செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரோத்தேவுக்கு வந்தது.

பயணத்தின் நோக்கம் எளிமையானது. ஆசியாவில் பணம் தரும் பயிர்களை எடுத்துப்போய், தென் அமெரிக்காவில் பிரான்சிடம் இருந்த கயானாவில் நட வேண்டும். போகிற வழியில் ரீயூனியன் தீவு, ஜாவா, பிலிப்பைன்ஸ்.

கப்பலில் செடி வளர்ப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மேல்தளத்தில் வைத்தால் உப்புச்சாரல் இலையைக் கருக்கிவிடும். கீழே இறக்கினால் வெளிச்சம் இல்லை. நல்ல தண்ணீர் மாலுமிகளுக்கே அளந்துதான் கிடைக்கும், அதில் செடிக்குப் பங்கு கேட்க வேண்டும். செடிகளை மூடி அனுப்பும் கண்ணாடிப் பெட்டியை லண்டன் மருத்துவர் வார்டு கண்டுபிடித்ததெல்லாம் இதற்குப் பத்தாண்டு கழித்துத்தான். கப்பலில் ஏறிய கன்றுகளில் பெரும்பாலானவை கரையைக் காணாமல் போவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

இதே பயணத்தில்தான் கயானாவிலிருந்து வனிலாக் கொடி ரீயூனியனுக்குப் போனது. கொடி பிழைத்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841-ல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தீவு வனிலாவுக்குப் பெயர் வாங்கியது. செடி பிழைப்பது வேறு, பலன் தருவது வேறு.

மணிலாவில் கிடைத்த செடி

பிலிப்பைன்ஸின் மணிலாவில் பெரோத்தே ஒரு மல்பெரியைப் பார்த்தார். சீனாவிலிருந்து அங்கே வந்த செடி அது. பிரான்சில் அவர் பார்த்துப் பழகிய மல்பெரி ஒற்றை அடிமரமாக உயர்ந்து நிற்கும். இலை பறிக்க ஏணி வைக்க வேண்டும், வளர்ந்து இலை தரவும் ஆண்டுகள் ஆகும். இது அப்படி இல்லை. அடியிலிருந்தே பல தண்டுகள் விட்டுப் புதராக நின்றது. இலை அகலம், மென்மை. குச்சியை நட்டால் வேர் பிடித்தது. தரையில் நின்றபடியே இலை பறிக்கலாம். இன்று நீங்கள் தண்டோடு வெட்டிப் புழுவுக்குப் போடுகிறீர்களே, அந்த முறைக்கு ஏற்ற வாட்டம் இந்தச் செடியில் இருந்தது. தோட்டக்காரர் கண்ணுக்குத்தான் இது உடனே பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கன்றுகளை ரீயூனியனிலும் கயானாவிலும் கொடுத்துவிட்டு, 1821-ல் பிரான்சுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். பல தண்டு உடையது என்ற பொருளில் அதற்கு மோரஸ் மல்டிகாலிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. இப்போது பல தாவரவியலாளர்கள் இதை வெள்ளை மல்பெரியின் ஒரு வகையாகவே கணக்கில் வைக்கிறார்கள்.

பிறகு நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். இந்த மல்பெரி 1820-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பட்டு வளர்த்தால் பணக்காரர் ஆகலாம் என்ற பேச்சு கிளம்பியது. விவசாயிகள் மட்டுமல்ல, கடைக்காரர், பாதிரியார் வரை மல்டிகாலிஸ் கன்று வாங்கினார்கள். 1830-களில் விலை மேலே மேலே போயிற்று. புழு வளர்க்க வாங்கியவர்களைவிட, அடுத்தவருக்குக் கன்று விற்க வாங்கியவர்களே அதிகம். கூடு வாங்கச் சந்தை இல்லை, நூல் எடுக்கத் தெரிந்த கை இல்லை, கன்று வியாபாரம் மட்டும் ஓடியது. 1839-ல் விலை சரிந்தது. நட்டவர்கள் பிடுங்கி எரித்தார்கள். வடக்கு மாநிலங்களின் கடுங்குளிரும் அந்த இளந்தண்டுகளை விடவில்லை. செடியில் குறை இல்லை. மணிலா வெயிலில் தழைத்தது பனியில் நிற்குமா என்று பார்க்காமல் நட்டார்கள், அவ்வளவுதான்.

ஈமு, அகர் மரம், செம்மரம் என்று நம் பக்கமும் இந்தக் கதை ஓடியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவுரியும் காப்பியும்

பெரோத்தே அதற்குள் வேறு திசையில் போய்விட்டார். 1824 முதல் 1829 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்தார். அந்தப் பகுதித் தாவரங்களைப் பற்றி கில்மன், ஆஷில் ரிச்சர்ட் ஆகியோருடன் சேர்ந்து 1830 முதல் 1833 வரை ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்த ஜோசப் டெகெய்னும் பாரிஸ் தோட்டத்தில் வேலைக்காரராகச் சேர்ந்து தாவரவியலாளராக உயர்ந்தவர்தான்.

அந்தக் காலத்தில் செனகல் பிசின் வியாபாரத்தில் பணம் போலப் புழங்கியது நம் புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி. அந்தத் துணி வந்த ஊருக்கே பெரோத்தே 1834-ல் வந்து சேர்ந்தார். 1826-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் வேலை. நீலகிரிக்குப் போய் மலைச்செடிகளைச் சேகரித்தார். 1839-ல் பிரான்சுக்குத் திரும்பி, பட்டுப்புழு வளர்ப்பை ஆராய்ந்தார். அவுரிச் சாயம் எடுப்பது பற்றி ஒரு கையேடு எழுதினார்.

1842-ல் பூச்சியியலாளர் கெரான் மேனெவில்லுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு, கரீபியன் தீவுகளில் காப்பியைக் கெடுத்த பூச்சியையும் பூஞ்சையையும் பற்றியது. இலைக்குள்ளேயே சுரங்கம் போட்டுத் தின்னும் அந்தச் சிறு அந்துப்பூச்சிக்கு அவர்கள் வைத்த பெயரின் பிற்பகுதி இன்றும் நிற்கிறது. பிரேசில் காப்பி விவசாயிகளுக்கு இன்னமும் அது தலைவலி.

1843-ல் மறுபடியும் புதுச்சேரி. அதன் பிறகு அங்கேயே தங்கிவிட்டார். வெளியிலிருந்து வந்த செடிகளை முதலில் பூங்காவில் வளர்த்துப் பார்த்தார், உலர் மாதிரிகளைச் சேர்த்தார், பூங்காச் செடிகளுக்குப் பட்டியல் போட்டார். 1870 ஜனவரியில் புதுச்சேரியிலேயே இறந்தார். பெரோத்தேஷியா என்ற தாவரப் பேரினம் அவர் பெயரைத் தாங்குகிறது.

ஓசூர்ப் பக்கத்து மல்பெரி அவர் கொண்டுவந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் பகுதிப் பட்டுத் தொழில் மைசூர்ச் சீமை வழியாக, திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு முட்டை வரவழைத்த காலத்தின் தொடர்ச்சி. ஆனால் அவர் பெயரிட்ட மல்டிகாலிஸ் உங்களுக்குத் தூரத்தில் இல்லை. ஓசூரில் மத்திய பட்டு வாரியம் நடத்தும் மரபு வள மையத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி ரகங்களோடு அதுவும் காக்கப்படுகிறது. புது ரகங்களை உருவாக்குகிறவர்கள் பெற்றோர்ச் செடி தேடுவது இப்படிப்பட்ட சேகரிப்பில்தான்.

யாராவது புது ரகக் கன்று என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். நம் மண்ணில், நம் தண்ணீர் அளவில், ஒரு கோடையாவது தாண்டிய தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். சந்தூர் பக்கம் மாங்கன்று வாங்கினாலும் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதுச்சேரி போகிற வேலை இருந்தால், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அந்தத் தாவரவியல் பூங்கா. ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.