நாடகச் செம்மல் மாக்ஸ் ரைன்ஹார்ட்

நாடகம் நிகழும் கூடத்தில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று, விளக்கொளியில் விளங்கும் மேடை. மற்றொன்று, இருளில் அமர்ந்து அதனை நோக்கும் அவை. இரண்டிற்கும் இடையே திரை ஒன்று தொங்கும். சிலப்பதிகாரம் அதனை எழினி என்று கூறும். திரை விலகிய பின்னரும் கண்ணுக்குப் புலனாகாத சுவர் ஒன்று அவ்விடத்தில் நின்றுகொண்டே இருக்கும். மேடையில் அரசன் மாண்டாலும், ஏழை பசியால் அழுதாலும், அஃது அவர்தம் துன்பம் என்று அவையோர் வாளா இருந்துவிடுவர். அச்சுவரை இடித்துக் காண்போரைக் கதைக்குள்ளேயே நிறுத்திவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் முயன்றார் ஒருவர். அவரே ஆஸ்திரிய நாட்டு நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்.

வியன்னா நகருக்கு அண்மையில் பாடன் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில், 1873ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், யூத வணிகக் குடும்பம் ஒன்றில் அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மாக்சிமிலியன் கோல்ட்மன் என்பது. ரைன்ஹார்ட் என்பது மேடைக்காக அவர் பூண்ட பெயர். பின்னர் அதுவே நிலைத்துவிட்டது. இளமையில் அவரை வங்கிப் பணி பயில அனுப்பினர். அவர் உள்ளமோ வியன்னாவின் அரச நாடக அரங்கிலேயே கிடந்தது. பொருள் மிகுதியும் இல்லாத இளைஞர் ஆதலின், கூரையை ஒட்டிய நான்காம் மாடத்தில் இருந்தே நாடகங்களைக் கண்டார். தாம் உண்மையில் பிறந்த இடம் அந்த மாடமே என்று பிற்காலத்தில் அவர் எண்ணி மகிழ்வதுண்டு. அத்துணை உயரத்திலிருந்து நோக்குவோர்க்கு நடிகர் முகம் தெளிவாகத் தெரிவதில்லை. மேடைக்கும் மக்களுக்கும் உள்ள தொலைவு எத்தகையது என்பதை அவர் அங்கேதான் முதலில் உணர்ந்திருத்தல் கூடும்.

சால்ஸ்பர்க் நகரில் சிறிது காலம் நடித்த அவரை, 1894இல் ஓட்டோ பிராம் என்பார் பெர்லின் நகரத்து ஜெர்மன் நாடக அரங்கிற்கு அழைத்துக்கொண்டார். இருபத்தொரு வயதினராகிய அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முதியவர் வேடங்களே. ஒட்டுத் தாடியும் கந்தல் உடையும் அணிந்து, எளியோர் இல்லத்து உணவை நாள்தோறும் மேடையில் உண்டு உண்டு அவர் சலித்துப்போனார். வறுமையை உள்ளவாறே காட்டுவதில் பிராம் வல்லவர். எனினும், உள்ளவாறு காட்டினால் மட்டும் போதுமா என்னும் வினா இளைஞர் உள்ளத்தில் எழுந்தது. 1903இல் மாக்சிம் கார்க்கியின் அடித்தள மக்களைப் பற்றிய நாடகத்தில் லூக்கா என்னும் வழிப்போக்கர் வேடத்தை அவர் ஏற்றார். அந்நாடகம் பெர்லினில் ஐந்நூறு முறைக்கு மேல் நடைபெற்றது. 1905இல், தமக்கு வாழ்வு தந்த அதே ஜெர்மன் நாடக அரங்கிற்கு அவரே தலைவராயினார்.

அவ்வாண்டிலேயே ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு என்னும் நாடகத்தைச் சுழல் மேடையில் அமைத்துக் காட்டினார். மரங்கள் அடர்ந்த காடு முழுவதும் காண்போர் கண்முன் சுழன்று சுழன்று வந்தது. அவர் புகழ் எங்கும் பரவிற்று. ஆயினும் காட்டைச் சுழற்றிய அளவில் அவர் நின்றுவிடவில்லை. மறு ஆண்டிலே சிறியதோர் அரங்கைத் திறந்து, இப்சனின் ஆவிகள் என்னும் நாடகத்தை நடத்தினார். நடிகர் பெருமூச்சும் கேட்கும் அளவிற்கு அவையோர் அருகே அமர்ந்தனர். ஒரு குடும்பம் மறைத்து வைத்த இழிவு மெல்ல மெல்ல வெளிப்படும் கதை அது. தம் வீட்டு அறையிலேயே அது நிகழ்வதாக அவர்கள் உணர்ந்திருப்பர்.

சிற்றறையில் இதனைச் செய்தவர் பெருவெளியிலும் செய்ய விரும்பினார். 1910இல் கிரேக்கப் புலவர் சொபொக்கிளீசு இயற்றிய ஈடிப்பஸ் நாடகத்தை எடுத்துக்கொண்டார். அவருடைய நண்பரும் கவிஞருமாகிய ஹ்யூகோ பொன் ஹோப்மன்ஸ்தால் அதனைப் புதிய மொழியில் அமைத்துத் தந்தார். நடத்திய இடம் யாது? பெர்லினில் குதிரைகள் ஓடிய சர்க்கஸ் கூடம்! கொள்ளைநோயால் மடியும் தீப்ஸ் நகரத்து மக்கள், தம் அரசனிடம் முறையிட வருவதே நாடகத்தின் தொடக்கம். நூற்றுக்கணக்கானோர் அரையிருளில் கைகளை உயர்த்திக் கதறியவண்ணம் வட்டக் களத்துள் பாய்ந்து வந்தனர். சூழ அமர்ந்திருந்த மக்களுக்கோ, தாமும் அந்நகரத்துக் குடிகளே என்னும் உணர்ச்சி பிறந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதை, நோயும் பஞ்சமும் வந்தால் ஆள்வோன் யாது செய்தல் வேண்டும் என்னும் அன்றாட வினாவாக மாறிற்று. அடுத்த ஆண்டு இலண்டனில் ஒலிம்பியா என்னும் பெருமண்டபத்தையே தேவாலயமாக மாற்றி, அதனுள் மக்களை அமர்த்தி, அற்புதம் என்னும் சொல்லில்லா நாடகத்தை நடத்தினார். நடித்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். ஆரவாரம் மிகுதி, கருத்துக் குறைவு என்று சிலர் பழித்தனர். அப்பழி முற்றிலும் பொய் என்று கூறுதற்கில்லை. கூட்டமே காட்சியாகிவிடும்போது தனிமனிதன் துயரம் மறைதலும் உண்டு.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919இல், அந்தச் சர்க்கஸ் கூடத்தையே மூவாயிரம் பேருக்கு மேல் அமரத்தக்க பேரரங்காகக் கட்டுவித்தார். ஹான்ஸ் பொயல்சிக் என்பார் அதனை வடிவமைத்த கட்டடக் கலைஞர். 1920இல் அங்கே ரொமெயின் ரோலந்தின் டாண்டன் நாடகம் நடந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து வழக்குமன்றக் காட்சியில், அவையோர் நடுவே அமர்ந்திருந்த நடிகர்கள் திடுமென எழுந்து கூச்சலிட்டனர். அருகிலிருப்பவர் நடிகரா, தம்மைப் போல் காண வந்தவரா என்று அறிய இயலாமல் மக்கள் திகைத்தனர். முந்திய ஆண்டில்தான் பெர்லின் தெருக்களில் புரட்சியாளரும் படையினரும் ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்தியிருந்தனர். அந்நினைவு ஆறாதவர் செவியில் அக்கூச்சல் வெறும் நாடகமாக ஒலித்திராது.

அவர் செய்தவற்றுள் தலையாயது சால்ஸ்பர்க் நகரத்து அரங்கேற்றமே என்பது என் கருத்து. போரில் தோற்ற ஆஸ்திரியப் பேரரசு சிதறுண்டு, சிறு நாடாகச் சுருங்கியிருந்த காலம் அது. உணவு முடை மக்களை வாட்டியது. அத்தகைய 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், அந்நகரத்துப் பெருங்கோயிலின் முன்றிலில், திறந்த வானத்தின் கீழ், யெடர்மன் என்னும் நாடகம் நடைபெற்றது. யெடர்மன் என்றால் ஒவ்வொரு மனிதனும் என்பது பொருள். பழைய ஆங்கில அறநாடகம் ஒன்றைத் தழுவி ஹோப்மன்ஸ்தால் அதனை யாத்திருந்தார். செல்வன் ஒருவனைச் சாவு அழைக்கிறது; உடன்வர நண்பரும் இல்லை, உறவினரும் இல்லை. பழங்கதை இவ்வளவே. ஹோப்மன்ஸ்தாலோ, செல்வன் வாயிலில் வந்து இரக்கும் ஏழை அயலானையும், கடன் தீர்க்க இயலாமல் சிறைக்கு இழுத்துச் செல்லப்படும் ஒருவனையும் அதில் சேர்த்தார். செல்வனின் பணப்பெட்டியிலிருந்து செல்வத் தெய்வமே எழுந்து, அவனே தனக்கு அடிமையாக இருந்தான் என்று எள்ளி நகைக்கிறது.

ரைன்ஹார்ட் இதற்கு எந்தக் காட்சித் திரையும் எழுதுவிக்கவில்லை. கோயிலின் முகப்பே காட்சி, மாலைக் கதிரவனே விளக்கு, மணியோசையே இசை. செல்வன் விருந்தில் களித்திருக்கும் வேளையில், அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் ஒன்று கோபுரத்திலிருந்து எழும். உடனே மற்றொரு திக்கிலிருந்து மற்றொரு குரல். தொலைவிலுள்ள கோட்டையிலிருந்தும் ஒரு குரல். அழைக்கப்படும் பெயரோ ஒவ்வொரு மனிதனும் என்பது. முன்றிலில் அமர்ந்திருந்தோருள் அப்பெயருக்கு உரியவர் அல்லாதார் யார்? பறவைகள் கோபுரத்தைச் சுற்றிப் பறந்ததும், ஒளி மெல்ல மங்கியதும் எல்லாம் நாடகத்தின் உறுப்புகளாயின. காலப்போக்கில் அவ்விழா வெளிநாட்டுச் செல்வர் திரளும் விழாவாகிவிட்டது என்பது வேறு செய்தி. செல்வனைச் சாவு அழைத்துச் செல்லும் கதையைக் காணச் செல்வர்களே மிகுதியாக வந்தனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922இல், அந்நகரத்துக் கல்லூரித் தேவாலயத்தின் உள்ளேயே மற்றொரு நாடகம் நிகழ்ந்தது. ஸ்பெயின் நாட்டுக் கால்டெரோன் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய உலகப் பெருநாடகமே அது; இதனையும் ஹோப்மன்ஸ்தால் புதுக்கினார். இறைவன் உயிர்களுக்கு வேடங்களைப் பகிர்ந்தளிக்கிறான்: ஒருவனுக்கு அரசன் வேடம், ஒருவனுக்குச் செல்வன் வேடம், ஒருவனுக்கு உழவன் வேடம், ஒருவனுக்கு இரவலன் வேடம். பழைய நாடகத்தில் இரவலன் தன் வேடத்தைப் பொறுமையோடு ஏற்கிறான். புதிய நாடகத்திலோ, தனக்கு இவ்வேடம் வேண்டா என்று அவ்வுயிர் மறுக்கிறது. வேடம் பூண்ட பின்னும் அவன் அடங்குவதில்லை. மற்றவர் உண்டு மகிழத் தான் மட்டும் ஏன் வாடவேண்டும் என்று கேட்டு, அனைத்தையும் வெட்டி வீழ்த்தக் கோடரியை ஓங்குகிறான். ரஷ்யப் புரட்சி நடந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. தேவாலயத்தினுள், ஓங்கிய கோடரியின் கீழ் அமர்ந்திருந்தோர் நிலையை எண்ணிப் பாருங்கள்! அறிவு என்னும் பெண் அவனுக்காக இறைவனை வேண்ட, அவன் உள்ளம் மாறிக் கோடரியைத் தாழ்த்திவிடுகிறான். பின்னர்ச் சாவு பறையறைந்து வந்து ஒவ்வொருவரையும் மேடையினின்று அழைத்துச் செல்கிறது. அவன் ஏன் தாழ்த்தினான், தாழ்த்தியது சரியா என்று இன்றும் அறிஞர் வாதிடுகின்றனர். வினாவிற்கு விடை தந்துவிட்டதாக நாடகம் நடித்தாலும், வினாவே மக்கள் நெஞ்சில் தங்கிற்று.

காலம் வேறு திசையில் திரும்பியது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையாகி இரண்டே நாளில், ரைன்ஹார்ட் தம் பெர்லின் அரங்கில் கடைசியாக ஒரு நாடகத்தை நடத்தினார். அஃது இரவலன் கோடரி ஓங்கும் அதே உலகப் பெருநாடகம். சில நாட்களுள் அந்நகரைவிட்டு நீங்கினார். யூதராகிய அவருக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. மக்களுக்காகவே அரங்கின் சுவரை அகற்றிய அவரை, மக்களின் பெயரால் ஆண்டோர் அகற்றினர். ஜூன் திங்களில் ஆக்ஸ்போர்டு நகரிலிருந்து அவர் அவ்வரசிற்கு ஒரு மடல் விடுத்தார். தம் வாழ்நாள் உழைப்பாகிய அரங்குகளை ஜெர்மானிய மக்களுக்கு விட்டுச் செல்வதாக அதில் தெரிவித்தார். பறிக்க வந்தவரிடம் கொடை என்று சொல்லிக் கொடுத்த அம்மடல் பணிவா, பெருமிதமா? எனக்குப் பெருமிதமாகவே தோன்றுகிறது.

1934இல் வெனிஸ் நகரத்திலேயே வெனிஸ் வணிகன் நாடகத்தை நடத்தினார். கால்வாய்க் கரையிலுள்ள சான் திரோவாசோ என்னும் முற்றமே மேடை. மெய்யான பாலத்தின்மேல் நடிகர் நடந்தனர். மெய்யான படகுகளில் வந்திறங்கினர். யூதன் ஷைலாக் அந்நகரத்து மாந்தரால் இகழப்படுகிறான். இறுதியில் அனைத்தும் இழந்து தனியே செல்கிறான். 1516 முதல் யூதரைத் தனிச்சேரியில் அடைத்து வைத்த நகரம் அது. அந்நகரத்துக் கற்களின்மேல் அக்கதையை அமைத்தவரும், நாடிழந்த யூதர் ஒருவரே. இதற்குமேல் முழக்கம் எதுவும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

1937இல் அவர் அமெரிக்காவில் குடியேறினார். மறு ஆண்டு ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமாயிற்று. சால்ஸ்பர்க்கில் அவர் வாழ்ந்த லெயோபோல்ட்ஸ்கிரோன் மாளிகை பறிமுதல் செய்யப்பட்டது. யெடர்மன் நாடகமும் தடுக்கப்பட்டது. புதிய நாட்டில் அவர் நடிப்புப் பள்ளி நடத்தினார், சில நாடகங்களை இயக்கினார். பழைய வெற்றி திரும்பவில்லை. 1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள், தம் எழுபதாம் வயதில், நியூயார்க் நகரில் அவர் காலமானார்.

போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1946இல், சால்ஸ்பர்க் பெருங்கோயில் முன்றிலில் யெடர்மன் மீண்டும் நடைபெற்றது. அடுத்த ஆண்டு முதல், ரைன்ஹார்ட்டின் துணைவியாரும் சிறந்த நடிகையுமாகிய ஹெலெனே டீமிக், கணவர் அமைத்த முறையைப் பின்பற்றி அதனை இயக்கினார். விருந்தின் நடுவே கோபுரங்களிலிருந்து அக்குரல்கள் மீண்டும் எழுந்தன.