கடவுளை வேண்டாத அறம்: பேராசிரியர் லட்சுமி நரசு

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில், வேளாளராகப் பிறந்த நம்மாழ்வாரை அந்தணரான மதுரகவி குருவாக ஏற்றார் என்பது வைணவ மரபு. ஆயினும் பக்தி வழங்கிய சமத்துவம் சேரியை எட்டவில்லை. கடவுளை விலக்கிவிட்டு அறத்தைத் தேடிய தமிழ்நாட்டு வழி ஒன்றும் உண்டு. அவ்வழி நடந்தவர் பேராசிரியர் லட்சுமி நரசு (1861–1934). நம் மேடைகளில் அவர் பெயர் அதிகம் ஒலிப்பதில்லை.

சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்த நரசு, அயோத்திதாசப் பண்டிதரோடு பௌத்த இயக்கத்தில் உழைத்தார். இருவருக்கும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. பண்டிதர் பறையர் எனப்பட்டோரின் பூர்வ பௌத்த வரலாற்றை மீட்டார். நரசுவோ ஆய்வுக்கூடத்தின் அளவுகோலையே புத்தருக்கும் வைத்தார். 1907இல் வெளியான ‘எசென்ஸ் ஆஃப் புத்திசம்’ என்னும் அவரது ஆங்கில நூலில் படைத்தவனுக்கும் அழியாத ஆன்மாவுக்கும் இடமில்லை. ஆன்மா இல்லையேல் கூடுவிட்டுக் கூடு பாய ஏதுமில்லை. முற்பிறவிப் பாவத்தால் தாழ்ந்த சாதியில் பிறந்தோம் என்னும் வாதமும் நிற்க இடமின்றி விழுகிறது. ஒடுக்கப்பட்டோருக்கு இது ஏட்டுச் சர்ச்சையா என்ன? 1922இல் சாதியைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

நரசு மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1948இல், அவரது பௌத்த நூலைத் தம் முன்னுரையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார் அண்ணல் அம்பேத்கர். நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவியது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்.