ஏற்றலும் ஈதலும்: ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு

ஆத்திசூடி தந்த ஔவையார், பிறரிடம் சென்று ஏற்பதை இகழ்ச்சிக்குரியதென்று குழந்தைகளுக்குப் போதித்தார். அதே நூலிலே, ஒருவர் கொடுப்பதை இடைநின்று தடுக்கலாகாதென்றும் போதித்தார். இவ்விரண்டையும் இளமையில் மனனஞ் செய்து வளர்ந்தவன் நான். பிற்காலத்தில், எங்கள் பாடசாலை நூல்நிலையத்திற்குப் பொருள் சேர்க்கும் பொறுப்பு என்மீது விழுந்தபோது, பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊரார் வாயில்களில் நின்றேன். படலையைத் திறக்குமுன்பே நா உலர்ந்துவிடும். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தால் நன்றென்றுகூட மனம் நினைத்ததுண்டு. கேட்பதற்கு நாணுகின்றவன் உண்மையில் தன் மானத்தைக் காக்கின்றானா, அன்றித் தான் எடுத்த பணியைக் கைவிடுகின்றானா என்ற வினா அந்நாட்களில் என்னை வருத்தியது. அதற்கு விடை தந்தது ஒரு பெண்மணியின் வாழ்வு. வேலூரில் வைத்தியசாலையும், தாதியர் கலாசாலையும், வைத்தியக் கல்லூரியும் கண்ட ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரே அவர்.

ஸ்கடர் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. அம்மையாரின் பாட்டனாராகிய டொக்டர் ஜோன் ஸ்கடர், நியூயோர்க் நகரில் நடத்திவந்த வைத்தியத் தொழிலை விட்டு, 1819ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் முதல் வைத்தியராகக் கீழைநாடு நோக்கிப் புறப்பட்டார். பண்டத்தரிப்பிலே பல ஆண்டுகள் தங்கி, நம்மவரின் நோய்க்கு மருந்திட்டார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய மக்களும் பேரரும் தென்னிந்தியாவிலேயே மிஷன் பணியைத் தொடர்ந்தனர். எனவே வேலூரில் எழுந்த பெருமரத்தின் வேர்களுள் ஒன்று நம் செம்மண்ணில் ஊன்றியிருந்ததென்று சொன்னால் அது மிகையாகாது.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆந் திகதி இராணிப்பேட்டையிற் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறு குழந்தை. பசியால் வாடி வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சின்னஞ்சிறு கைகள் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தன. கொடுக்கக் கொடுக்க நீண்ட கைகள் குறையவில்லை. கொடுப்பதற்குரிய பொருளே குறைந்தது. இக்காட்சி அவர் நெஞ்சில் அன்பை விதைத்ததென்று சொல்வதைக் காட்டிலும், அச்சத்தை விதைத்ததென்று சொல்வதே பொருந்தும். துன்பம் மலிந்த இந்நாட்டில் தாம் வாழப்போவதில்லையென்ற எண்ணத்துடனேயே அவர் அமெரிக்காவில் நோர்த்பீல்ட் என்னுமிடத்துப் பெண்கள் கல்விச்சாலையிற் பயின்றார்.

தாயார் நோயுற்றிருக்கிறாரென்ற செய்தி அவரை 1890ஆம் ஆண்டு திண்டிவனத்துக்கு அழைத்து வந்தது. அங்கே ஓரிரவில் நிகழ்ந்தது பலரும் அறிந்த வரலாறு. பிராமணர் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும், வேறொரு சாதி இந்து ஒருவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனைப்படும் தம் இளம் மனைவியரைக் காக்கும்படி வேண்டினர். ஐடாவோ வைத்தியம் அறியார். வைத்தியரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் சொன்னபோது, ஆடவர் ஒருவர் தம் அகத்தினுட் புகுதலை அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அந்த மூன்று மரணங்களும் அவர் வாழ்வின் போக்கையே மாற்றின. அவர் மீண்டும் அமெரிக்கா சென்று, பிலடெல்பியாவிலும் பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்திலும் வைத்தியம் கற்று 1899இல் தேறினார்.

கல்வி முடிந்தது, வைத்தியசாலைக்குப் பொருள் வேண்டியிருந்தது. பெண்களுக்கென வேலூரில் ஒரு வைத்தியசாலை அமைக்கப் பணம் திரட்டும் பொறுப்பும் அவரிடமே வந்தது. நாள்கள் சென்றன, சேர்ந்த பணமோ மிகச் சிறிது. கப்பலேறுங் காலம் நெருங்கிய வேளையில், நியூயோர்க்கில் ஹரியற் டேபர் என்னும் பெருமாட்டியைச் சந்தித்துத் தம் எண்ணத்தை விரித்துரைத்தார். அந்த இல்லத்தின் அடுத்த அறையில் இருந்தவர் ஷெல் என்னும் வயது முதிர்ந்த வங்கித் தலைவர், அவ்வம்மையாரின் மைத்துனர். சொற்கள் அவர் செவியிலும் விழுந்தன. மறுநாள் ஐடாவை அழைப்பித்து வினாவி, காலஞ்சென்ற தம் மனைவியாரின் நினைவாகப் பத்தாயிரம் டொலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியை நற்பேறென்று சொல்லி நாம் கடந்துபோதல் கூடாது. ஐடா அவரிடம் கேட்கவேயில்லை என்பதை நோக்குதல் வேண்டும். அவர் வேறொருவரிடம், தாம் கண்ட மூன்று மரணங்களைப் பற்றி உண்மையாகப் பேசிக்கொண்டிருந்தார். உண்மையான பேச்சு சுவரைக் கடந்தும் செல்லும். மணிமேகலை மணிபல்லவத்திலே பெற்ற அமுதசுரபி, வற்றாத பாத்திரமேயாயினும் வெறும் பாத்திரமாகவே கைக்கு வந்தது. ஆதிரை இட்ட முதற்பிச்சையின் பின்னரே அது சுரக்கத் தொடங்கியது. வேலூரின் பாத்திரத்தில் விழுந்த முதற்பிச்சை ஷெல் அளித்த காசோலை.

1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா இந்தியா சேர்ந்தார். அவ்வாண்டு மே மாதமே தந்தையார் காலமானார். கட்டடம் எழுமுன்னரே வீட்டின் ஓரறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். உதவிக்குப் பயின்ற தாதி எவரும் இல்லை. வீட்டு வேலையாளின் மனைவியைப் பழக்கியே மருந்து கலக்கவும், புண் கழுவவும் துணைகொண்டார். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. திறந்த பின்னரே அவருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. அறுவைச் சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வரும் இருபத்து மூன்று மணி நேரமும் நோயாளியின் உயிர் தாதியின் கையிலேயே இருக்கின்றது. நீர் கொதித்ததா, கட்டு நனைந்ததா, காய்ச்சல் ஏறிற்றா என்று நள்ளிரவில் விழித்திருந்து பார்க்க ஒருவர் இல்லையாயின், வைத்தியரின் திறமை அனைத்தும் வீணே.

ஆகவே 1909ஆம் ஆண்டில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த டீலியா ஹௌட்டன் என்னும் தாதி அப்பணியிற் பெரும் பங்கு கொண்டார். அந்நாளில் தாதித் தொழிலைத் தாழ்ந்ததென்று எண்ணாத குடும்பம் அரிது. பிறர் மேனியைத் தொடுதலும், மலசலம் அகற்றலும், அந்நிய ஆடவர் நடமாடும் இடத்தில் இரவிற் தங்குதலும் குலப்பெண்களுக்கு ஒவ்வாதன என்று கருதினர். இத்தடைகளையெல்லாம் மீறி வந்த பெண்களுக்கு உணவும், உறையுளும், சீருடையும், நூலும் அளித்தாக வேண்டும்.

இங்கேதான் பொருள் சேர்ப்பவரின் உண்மையான இடர் தொடங்குகின்றது என்பது என் கருத்து. கட்டடத்துக்குக் கொடுப்பவர் பலர்; கல்லிலே பெயர் பொறிக்கலாம். வைத்தியரின் கல்விக்குக் கொடுப்பவரும் உளர். அவர் புகழ் பின்னர் ஊரெங்கும் பரவும். ஒரு தாதியின் மாதாந்த உணவுக்கு யார் கொடுப்பார்? அந்தச் செலவு இவ்வாண்டு கொடுத்தால் அடுத்த ஆண்டும் வந்து நிற்கும். பெருங்கொடை ஒருமுறை வரும்; அடுப்போ நாள்தோறும் எரியவேண்டும். ஆதலால் ஐடா, ஒரு முறை ஈந்து மறப்பவரை அல்ல, ஆண்டுதோறும் நினைப்பவரைத் தேடினார். கடல் கடந்து வாழ்ந்த நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். விடுமுறையில் தாயகம் சென்றபோதெல்லாம் திருச்சபை மண்டபங்களிலும் இல்லங்களிலும் பேசினார். அவரது தோழியாகிய கேட்ரூட் டொட் அம்மையார் தம் செல்வத்தைக் கொடுத்ததுடன் தம்மையும் கொடுத்து, வேலூரில் வந்திருந்து கணக்குகளைக் கவனித்தார். வந்த காசுக்குச் செம்மையான கணக்கு வைத்திருத்தலே மறுமுறை கேட்பதற்குரிய தகுதியென்பதை இவ்விருவரும் அறிந்திருந்தனர்.

1918இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையையும் ஐடா தொடங்கினார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிகமென்று சிலர் எள்ளினர். விண்ணப்பங்கள் 151 வந்தன. மாணவியர் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. அவ்வேளையில் அவருக்குத் துணையாக நின்றவர் லூசி பீபொடி அம்மையார். இளமையில் சென்னையில் மிஷன் பணி செய்து, கணவரை இழந்து, தாயகம் மீண்டு, அமெரிக்கப் பெண்களின் மிஷன் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். இந்தியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளிலுள்ள ஏழு மகளிர் கல்லூரிகளுக்காகப் பொருள் திரட்டும் பேரியக்கம் அப்போது எழுந்தது. பெண்கள் இருபது இலட்சம் டொலர் சேர்த்தால் பத்து இலட்சம் தருவதாக ரொக்பெல்லர் குடும்பத்தின் நினைவு நிதியம் வாக்களித்தது. 1923ஆம் ஆண்டு பிறக்குமுன் தொகை சேரவேண்டும். ஐடா நகர்தோறும் சென்று பேசினார். செல்வச் சீமாட்டிகளின் காசோலைகளோடு, எளிய பெண்கள் சேமித்த சில்லறைக் காசுகளும் வந்து குவிந்தன. இலக்கு நிறைவேறியது. வேலூரில் புதிய வைத்தியசாலையும், பின்னர் பாகாயத்தின் குன்றுகளிடையே கல்லூரி வளாகமும் எழுந்தன.

இத்தனை வெற்றியின் பின்னரும் அவர் வாழ்வில் மிகக் கடினமான சோதனை முதுமையிலேயே வந்தது. 1930களின் இறுதியில், குறுகிய காலப் பட்டயக் கல்வியை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டக் கல்வியையே ஏற்பதென்று சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. அதன்படி உயர்வதற்கு மேலும் படுக்கைகள், ஆய்வுகூடங்கள், பேராசிரியர்கள் வேண்டும். இல்லையெனில் கதவை அடைக்கவேண்டும். எழுபது வயது நிரம்பிய ஐடா, 1941இல், உலகப்போர் மூண்டிருந்த காலத்தில், மீண்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஆங்கு ஊரூராகச் சென்று மறுபடியும் கேட்கத் தொடங்கினார்.

அப்போது எழுந்த வினா பணத்தினும் பெரிது. ஆடவரையும் மாணவராகச் சேர்த்தால் மேலும் பல மிஷன்கள் பொறுப்பேற்கும், கல்லூரி பிழைக்கும். ஆனால் அதுவரை வந்த பொருளிற் பெரும்பகுதி பெண்கள் பெண்களுக்கென்று கொடுத்த பொருள். ஆடவரைச் சேர்ப்பது அந்த நம்பிக்கைக்கு இழைக்கும் துரோகமென்று லூசி பீபொடி உறுதியாக நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் எளிதிற் கூற முடியவில்லை. கொடுத்தவரின் கருத்தைக் காப்பது பெற்றவரின் அறம், அதில் ஐயமில்லை. ஆனால் கொடை யாருக்காக வந்ததோ அந்த நோயாளிப் பெண், கல்லூரி மூடப்பட்டால் எங்கே செல்வாள்? ஐடா நெடுநாள் தயங்கினார். இறுதியில் இருபாலார்க்கும் கல்லூரியைத் திறக்க இசைந்தார். பல்லாண்டு நட்பில் விரிசல் விழுந்தது. பொருள் திரட்டும் பணியில் கிடைக்காத பொருளை எண்ணி வருந்துவோர் பலர். இழந்த நண்பரை எண்ணி வருந்த நேர்வது அதனினும் கொடிது.

1942இல் பெண்களுக்குப் பட்ட வகுப்பு ஆரம்பமாயிற்று. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர். இவ்விரண்டிற்கும் இடையில், 1946ஆம் ஆண்டில், தாதியர் பாடசாலை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் தாதியர் கல்வியைப் பட்டப் படிப்பாகத் தொடங்கிய முதற் கல்லூரிகளுள் அது ஒன்று. குலப்பெண்ணுக்கு ஒவ்வாதென்று ஊரார் ஒதுக்கிய தொழில், முப்பத்தேழு ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் வாயிலுட் புகுந்தது. அவ்வாண்டிலேயே ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னாளில் கல்லூரியின் தலைமை ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் வைத்தியரிடம் சேர்ந்தது. கொடைக்கானல் மலையிலே ஓய்ந்திருந்த ஐடா அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தொடங்கிய நிறுவனங்கள் இன்றும் ஓங்கி நிற்கின்றன. தமிழகத்தாரும் வடநாட்டாரும் ஈழத்தாரும் நோயுற்ற காலத்தில் வேலூரை நினைக்கின்றனர்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரு பெண் பிறர் வாயிலில் நின்றார். தமக்கென ஒரு காசும் கேட்டாரல்லர். ஔவையார் இகழ்ந்த ஏற்றல் அவருடைய ஏற்றலன்று என்பதை இவ்வரலாற்றைப் படித்தபின் உணர்ந்தேன். தனக்கென ஏற்பவன் கை தாழ்கின்றது. பிறர்க்கென ஏற்பவன், கொடுக்க விரும்பியும் வழியறியாது நிற்பவனுக்கு வழிகாட்டுகின்றான். அவன் கேளாதிருந்தால், அதுவே கொடையைத் தடுத்ததாக முடியும்.

பின்னர் நான் மீண்டும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். நா அப்போதும் உலர்ந்தது. ஆயினும் வீட்டுக்காரர் உள்ளே இருக்கவேண்டுமென்று விரும்பியே படலையைத் திறந்தேன்.